எப்படி இருந்துச்சு?

கச்சேரி முடிந்தால் கச்சேரி முடிந்துவிடுகிறதா என்ன?

மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் ஏதாவது ஒரு சபா கேன்டீனில் போய் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே, “இன்னிக்கு காம்போதி அமோகம் ஸார். ஆனா முந்தாநாள் அந்தச் சபாவுல பாடினார் பாருங்கோ...” என்று ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் கீரை வடையைக் கீழே வைத்துவிடுவார். “முந்தாநாள் என்ன முந்தாநாள்? இதே மேடையில அவரோட குரு பாடினாரே, அதைக் கேட்டேளா நீங்க?” அவ்வளவுதான். உள்ளே மங்களம் பாடி முடித்து மைக்கைக் கழற்றிய பிறகும் வெளியே கச்சேரி ஓயாது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-ல். அவருடைய தோடியை நேரில் கேட்டவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் கேட்டவர் சொல்லக் கேட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் தெருவுக்கு ஒருவர் உண்டு. என் தாத்தா கோயில் வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு, விடிகாலையில் வயல் வரப்பில் நடந்து வீடு வந்த கதையை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா எனக்குச் சொன்னாள். இன்றைக்கு யோசித்தால் அந்த வரப்பில் நானே நடந்து வந்த மாதிரி இருக்கிறது. காலில் பனி ஈரம்கூடத் தெரிகிறது!

இதே வேலையைக் கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. ராக், மெட்டல் ரசிகர்கள். ‘ஐயோ, அந்தக் காட்டுக் கத்தலா?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் இரண்டு நிமிஷம் பொறுக்கணும். அந்த இசையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு வந்தவர்கள் பேசுகிற பேச்சைப் பற்றித்தான் நிறைய. அந்தப் பேச்சில் ஓர் உயிர் பிழைக்கிற விஷயமும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருச்சியில் பி.காம். படித்தேன். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கேசட் கடை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மூன்று நாளில் பதிவு செய்து வைத்திருப்பார். தொண்ணூறு நிமிஷ கேசட். ஏ பக்கம் அயர்ன் மெய்டன், பி பக்கம் மெட்டாலிகா. ஒரு பாட்டு பாதியில் ‘டக்’கென்று நின்றுவிடும். டேப் தீர்ந்து போச்சு! அந்தப் பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு என்பதே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

இவர்களை நேரில் பார்ப்பது என்பது அப்போது ஐராவதத்தை நேரில் பார்க்கிற மாதிரி. பெரிய குழுக்களெல்லாம் நம் தலைக்கு மேல் விமானத்தில் பறந்து ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. பிங்க் ஃப்ளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் 2002-ல் பெங்களூர் வந்தார். 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூரிலும் மும்பையிலும் பாடினார்கள். மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டோம். அவர்கள் எங்கள் சித்தப்பாக்களின் ஆட்கள். எங்கள் ஆட்கள் வந்தது 2007 மார்ச் 17-ம் தேதி. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். அயர்ன் மெய்டன்!

பாடகர் புரூஸ் டிக்கின்சன் பயணிகள் விமானம் ஓட்டும் பைலட்டும்கூட. அடுத்த வருஷமே குழுவின் போயிங் 757-ஐத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி 2008 பிப்ரவரி 1-ம் தேதி மும்பையில் நடந்தது. நம்மைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தவர்கள் நம்மிடமிருந்தே கிளம்பினார்கள் என்றால் சும்மாவா!

ஆனால் எனக்கு அந்த 2007 கச்சேரியைவிட மறுநாள் காலை சென்னைக்குத் திரும்பிய ரயில்தான் நன்றாக நினைவில் இருக்கிறது.

பெட்டி முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட். யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் இல்லை. ஆனால் எல்லாரும் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தோம். பேசினோம் என்பது தப்பு, கத்தினோம். முந்தின ராத்திரி வாங்கிய அடியில் எல்லார் காதிலும் ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம். பங்காருபேட்டையில் ஏறிய ஓர் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, நீங்க எல்லாரும் ஒரே ஸ்கூலா? காது கேக்காதவங்க ஸ்கூலா?”

ஒருவன் மேடையில் நடந்து வந்த எட்டியைப் பற்றிச் சொன்னான். எட்டி என்பது அந்தக் குழுவின் பிரம்மாண்டமான எலும்புக்கூடு பொம்மை. நம்மூர்த் திருவிழா பூதம் மாதிரி. இன்னொருவன் டிரம்மர் முகத்தைக் கடைசி வரை பார்க்கவே முடியவில்லை என்று வருத்தப்பட்டான். நிக்கோ மெக்பிரெயின் அவ்வளவு டிரம்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். ஐந்தடி இருந்த ஒரு பையன் சொன்னதுதான் பிரமாதம்:

“நான் மேடையையே பாக்கலைங்க. முன்னால நின்னவன் முதுகைத்தான் பாத்தேன். ஆனா அந்த முதுகு ஆடுனது இருக்கே... ஆயுசுக்கும் போதும்.”

ஜோலார்பேட்டை வரைக்கும் ஆளுக்கொரு கச்சேரி இருந்தது. காட்பாடி தாண்டியதும் எல்லாம் கலந்து ஒரே கச்சேரி ஆகிவிட்டது. அரக்கோணம் வரும்போது அந்த ஐந்தடிப் பையன், புதிதாக ஏறிய ஒருத்தருக்கு எட்டி எப்படி நடந்து வந்தது என்று கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பொய் சொல்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனும் பார்த்துவிட்டான், எங்கள் கண்ணால்.

பி.காம். புத்தி சும்மா இருக்காதே. எந்தச் சொத்து வாங்கினாலும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதவேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பத்தாயிரத்துக்கு வாங்கிய நாற்காலி பத்து வருஷத்தில் கணக்கில் ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் கச்சேரி டிக்கெட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது? செலவு என்று எழுதினால் அந்த ராத்திரியோடு தீர்ந்துபோயிருக்க வேண்டும். தீரவில்லையே. சொத்து என்று எழுதினால் தேய வேண்டும். அதுவும் தேயவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மதிப்பு கூடுகிறது. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் இதற்கு என்ட்ரி போடத் தெரியாது.

ஆடிட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் கல்லூரித் தோழன் ஒருவன். அவன் வேலையே ஆடிட் ஆபீஸில்தான்.

2011-ல் மெட்டாலிகா முதல் தடவையாக இந்தியா வருகிறது. அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை டெல்லி பக்கத்தில் குர்கான். 30, ஞாயிறு பெங்களூர். நாங்கள் எல்லாரும் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்தோம். அவன் மட்டும் குர்கானுக்கு எடுத்தான்.

“ஏண்டா, இங்க இருக்கு பெங்களூர். ஒரு ராத்திரி பஸ். குர்கான் எதுக்கு?”

“முதல் நாள் முதல் ஷோடா!” என்றான். ரஜினி படத்தை இரண்டாவது காட்சியில் பார்ப்பதை அவமானமாக நினைக்கிறவனிடம் என்ன பேசமுடியும்?

அக்டோபர் 26 தீபாவளி. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினான். அதிரசமும் முறுக்கும் அம்மா கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ராத்திரி பயணம் செய்து வெள்ளிக்கிழமை காலை டெல்லி போய்ச் சேர்ந்தான். சாயங்காலம் குர்கான் லெஷர் வேலி மைதானம். மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு கூட்டத்தின் நெருக்கலில் உடைந்தது. பாதுகாப்பு இல்லை, கச்சேரி நாளைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்த கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மேடை மேலேயே ஏறிக் கையில் கிடைத்ததையெல்லாம் உடைத்தார்கள். மறுநாள் ரத்து என்றே சொல்லிவிட்டார்கள். நடத்தியவர்களில் சிலரைப் போலீஸ் கைது செய்தது.

29-ம் தேதி ராத்திரி அவன் திரும்ப ரயில் ஏறினான். 30-ம் தேதி ராத்திரி பெங்களூரில் விளக்குகள் அணைந்து மெட்டாலிகா மேடை ஏறிய நேரத்தில் அவன் வாரங்கல் பக்கம் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டிருந்தான். மீதி இருந்த அதிரசத்தைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டானாம்.

நாங்கள் பெங்களூரிலிருந்து வந்ததும் அவனிடம் எப்படி முகம் கொடுப்பது என்று தயங்கினோம். சாவு வீட்டில் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் அவனே கூப்பிட்டான். தி. நகரில் ஒரு டீக்கடை. உட்கார்ந்ததும் கேட்டான்:

“எப்படி இருந்துச்சு?”

“ம்... நல்லா இருந்துச்சுடா.”

“இந்த மழுப்பல் எல்லாம் வேணாம். லைட்டு அணைஞ்சதுலேர்ந்து சொல்லு. அந்தக் கௌபாய் மியூசிக் போட்டப்ப ஜனம் என்ன பண்ணுச்சு?”

விஷயம் தெரியாதவர்களுக்கு: மெட்டாலிகா மேடைக்கு வருமுன் எப்போதும் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்துக்கு என்யோ மோரிகோனே போட்ட இசை ஒலிக்கும். 1980-களிலிருந்து இதுதான் சம்பிரதாயம். கர்ப்பகிரகத்தில் திரை விலகுவதற்கு முன் மணி அடிக்கிற மாதிரி.

சொன்னோம். விட்டதையெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டான். ஆடிட்டர் வவுச்சரைப் பார்க்கிற மாதிரி, நான் சொன்னதை இன்னொருவன் சொன்னதோடு ஒத்துப் பார்த்தான். “அவன் மூணாவது பாட்டுன்னான், நீ நாலாவதுங்கிறே, எது கரெக்ட்?” நாலு டீ, மூன்று மணி நேரம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகாபாரதத்தில் யுத்தம் பார்க்காத திருதராஷ்டிரனுக்குச் சஞ்சயன் சொல்கிறான் இல்லையா, அந்த மாதிரி. இந்தத் திருதராஷ்டிரன் விசேஷமானவன். இன்றைக்கு அந்தப் பெங்களூர் கச்சேரியைப் பற்றி யாராவது கேட்டால் போய்வந்த நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். அவன்தான் சொல்கிறான். எங்களைவிட நன்றாகச் சொல்கிறான். எங்களுக்கு மறந்துபோனதும் அவனுக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு என்னதான் அப்படி வெறி என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதை சொல்வேன்.

ஒன்று, அந்தக் கை முத்திரை. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கொம்பு மாதிரி காட்டுவார்கள். சாத்தான் கும்பிடு என்று பயந்தவர்கள் உண்டு. மெட்டல் மேடையில் அதைப் பிரபலமாக்கியவர் ரோனி ஜேம்ஸ் டியோ என்கிற பாடகர். 2010-ல் காலமானார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, தன் இத்தாலியப் பாட்டி கண் திருஷ்டி படாமல் இருக்கக் காட்டுவது அது என்று சொன்னார். திருஷ்டி! மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிற நம் பாட்டிகளுக்குத் தூரத்து உறவு அந்தப் பாட்டி.

இரண்டு, டோனி அயோமி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலைத் தொழிலாளி. பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. இடது கைக்காரர் என்பதால் கிதாரின் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கை விரல்கள்தான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டான். வலி தெரியாமல் இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டான். பிறகு தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தான். அந்தத் தளர்ந்த, கனமான, அடித்தொண்டைச் சத்தம்தான் பிளாக் சப்பாத். ஹெவி மெட்டலின் தொடக்கம் அதுதான் என்பார்கள். ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரலிலிருந்து பிறந்த சத்தம் அது.

அந்த பிளாக் சப்பாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்பார்ன். பார்க்கின்சன் நோய். நடக்க முடியாது. 2025 ஜூலை 5-ம் தேதி சொந்த ஊரான பர்மிங்ஹாமில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பழைய நாலு பேரும் ஒரே மேடையில் நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. வசூல் பார்க்கின்சன் நோய்க்கும் குழந்தைகள் மருத்துவத்துக்கும். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ல் இறந்துபோனார். வயசு 76. ‘கடைசித் தடவை’ என்று ரசிகர்கள் சும்மா சொல்வார்கள். இந்தத் தடவை அது நிஜமாகவே கடைசித் தடவை.

என் அக்கா பையன் அதை விடிய விடியக் கம்ப்யூட்டரில் பார்த்தவன். வயது இருபத்துநாலு. வேளச்சேரியில் நண்பர்களோடு தங்கி ஐ.டி. வேலை. அவன் விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2025 மே 17-ம் தேதி மும்பை மகாலக்ஷ்மி ரேஸ் கோர்ஸில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் கச்சேரி. அவனும் அவன் சிநேகிதர்களும் போய் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில், ஜூன் 4-ம் தேதி, பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்குக் கூடிய கூட்டத்தில் நெரிசல். பதினோரு பேர் செத்துப்போனார்கள். முக்கால்வாசி இளசுகள். அன்றைக்கு ராத்திரி திருச்சியிலிருந்து அக்கா போன்.

“டேய், இவன் இனிமே எந்தக் கச்சேரிக்கும் போகக்கூடாது. நீதான் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டான். டி.வி.ல பாத்தியா, வெறும் செருப்பாக் கிடக்குதுடா...”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

கிரிக்கெட் வேறு, கச்சேரி வேறு என்று தர்க்கம் பேசலாம். பேசவில்லை. ஏனென்றால் அவள் பயத்துக்குச் சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறது. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. ‘தி ஹூ’ என்கிற ராக் குழுவின் கச்சேரி. அங்கேயும் அரங்க வாசலில்தான் நெரிசல். அங்கேயும் பதினோரு பேர். 2000 ஜூன் 30, டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழா. பேர்ல் ஜாம் பாடிக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் கூட்டம் சரிந்தது. மழை ஈரம், வழுக்கல். விழுந்தவர்கள் எழுந்திருக்க முடியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுப் பின்னால் போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஒன்பது இளைஞர்கள் எழவேயில்லை. இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் மிதிபட்டு யாரும் சாவதில்லை. நெருக்கலில் நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனாலே ஆபத்து ஆரம்பம். பின்னால் தள்ளுகிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது.

ஜூலைக் கடைசியில் அக்கா ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்து என் வீட்டில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பையன் தன் கோஷ்டியோடு வந்தான். மூன்று பையன்கள், ஒரு பெண். ஆஸி செத்த துக்கம் விசாரிக்க வந்த மாதிரி எல்லாரும் கறுப்புச் சட்டை. ஹாலில் பேச்சு ஆரம்பித்தது. அக்கா சமையலறையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது ஹாலில் இருந்தது.

மும்பையைப் பற்றிப் பேசினார்கள். 2012-ல் இதே குழு இந்தியா வந்தபோது கிதார் வாசிக்கும் ஸ்லாஷ் அதில் இல்லை. 2016-ல்தான் திரும்பச் சேர்ந்தார். “அதனால இதுதான் மாமா ஒரிஜினல் தரிசனம்” என்றான் ஒருவன். ஆக்ஸல் ரோஸ் குரல் போய்விட்டது என்று ஒருவன். அறுபத்துமூணு வயசில் உன் தாத்தாவால் ‘ஹலோ’ சொல்ல முடிந்ததா என்று இன்னொருவன். பியானோவில் ‘நவம்பர் ரெயின்’ ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற ஐம்பது வயது ஆள் குழந்தை மாதிரி அழுததைச் சொன்னார்கள்.

அந்தப் பெண் சொன்னது வேறு கச்சேரி.

“இவனுங்க எல்லாம் ஸ்லாஷைப் பாத்தானுங்க அங்கிள். நான் உள்ள போனதும் முதல்ல வெளிய போற வழி எங்கன்னு பாத்தேன். ரெண்டாவது பாத்ரூம். மூணாவது, முடிஞ்சு வெளிய வந்தா வண்டி நிக்கிற இடத்துல லைட் இருக்கான்னு. அதுக்கப்புறம்தான் ஸ்லாஷ்.”

யாரும் சிரிக்கவில்லை. 2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ரஹ்மான் கச்சேரியில் அவள் மாட்டிக்கொண்டவளாம். டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பியதும், நெரிசலில் பெண்கள் பட்ட அவஸ்தையும் நாடு முழுக்கத் தெரிந்தது எப்படி? போய்விட்டு வந்தவர்கள் வாயைத் திறந்து சொன்னதால்தான். ‘எப்படி இருந்துச்சு?’ என்ற கேள்விக்கு, ‘இப்படித்தான் இருந்துச்சு’ என்று உள்ளதை உள்ளபடி சொல்வதும் ரசிகனின் வேலைதான்.

பேச்சு காதுப் பக்கம் போனது. ஒருவனுக்கு இரண்டு நாள் ரீங்காரம். கச்சேரிகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை கொடுத்திருக்கிறது. தொழிற்சாலைக் கணக்கில் 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி. அப்படியே கழித்துக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான்! ஏசி/டிசி-யின் பிரையன் ஜான்சன், முழுச் செவிடாகிவிடும் ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னதால் 2016-ல் பாதிச் சுற்றுப்பயணத்தில் விலகினார். மீதிக் கச்சேரிகளைப் பாடிக் கொடுத்தவர் இதே ஆக்ஸல் ரோஸ்தான். “காதுல அடைப்பான் வச்சுக்கிட்டா பாட்டு இன்னும் தெளிவாத்தான் கேக்கும் மாமா” என்றான் என் மருமகன். பஞ்சு பிரயோஜனமில்லையாம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் வேண்டுமாம்.

பிறகுதான் அவன் அம்மா இருப்பதை மறந்து அந்தக் கதையை எடுத்துவிட்டான்.

பெங்களூரில் ஒரு மெட்டல் கச்சேரி. மோஷ் பிட். அதாவது கூட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் காலியாகும். அதற்குள் புகுந்து சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், தோளோடு தோள் இடித்துக்கொள்வார்கள். பார்த்தால் தெருச் சண்டை மாதிரி இருக்கும். இவன் உள்ளே போயிருக்கிறான். ஷூ லேஸ் அவிழ்ந்து...

“தொப்புன்னு விழுந்தேன் மாமா. கண்ணாடி பறந்துருச்சு. சுத்தி ஒரே காலு. செத்தோம்னு நெனச்சேன். ரெண்டு செகண்ட் இருக்காது. ஒருத்தன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுக் கூட்டத்தைத் தடுத்து நிக்கிறான். அஞ்சு பேரு அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கிட்டாங்க. ஒருத்தன் குனிஞ்சு என் லேஸைக் கட்டுறான். இன்னொருத்தன் கண்ணாடியைத் தேடி எடுத்து, யாரோடதுன்னு தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அதான் மாமா ரூல். எங்கயும் எழுதி இருக்காது. விழுந்தவனை உடனே தூக்கணும். அதுக்கப்புறம்தான் பாட்டு.”

பஜ்ஜித் தட்டோடு அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஹாலே அமைதி. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“விழுந்தியா?”

“அது... போன வருஷம்மா.”

“யாருடா தூக்குனது?”

“தெரியாதும்மா.”

“பேருகூடக் கேக்கலையா?”

“அதுக்குள்ள அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருச்சும்மா.”

தட்டை டீப்பாயில் வைத்தாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “நீ சொல்லும்மா. வெளிய போற வழி எங்கன்னு முதல்லயே பாத்துக்கணுமா? அப்புறம்?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் சொன்னாள். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் கையைக் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளக்கூடாது. அலை பின்வாங்கும்போது பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வர வேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியக்கூடாது. தனியாகப் போகக்கூடாது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பையன் பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டியா?” என்றாள். போகலாம் என்றும் சொல்லவில்லை, போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவன் சட்டைப் பையில் எதையோ திணித்தாள். மருந்துக்கடை உறை. எப்போது போய் வாங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

என்னிடம் மட்டும் ராத்திரி சொன்னாள்: “அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான் பாரு, அவன் எந்த ஊரோ, யார் பெத்த புள்ளையோ... நல்லா இருக்கணும்டா.”

விழுந்தவனைத் தூக்கு என்ற ஒற்றை விதி இந்தக் கூட்டத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அரசாங்கம் இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளிலும் இல்லை. போய்விட்டு வந்தவன் போகாதவனிடம் ரயிலிலும் டீக்கடையிலும் மொட்டை மாடியிலும் சொல்லிச் சொல்லித்தான் அது முப்பது வருஷமாக, நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சின்சினாட்டி வாசலிலும் சின்னசாமி வாசலிலும் கூட்டம் இருந்தது. வழியைத் திறந்து, எண்ணி உள்ளே விட ஏற்பாடுதான் இல்லை. அந்த ஏற்பாட்டை ரசிகனால் செய்ய முடியாது. அது நடத்துகிறவர்களும் போலீஸும் செய்ய வேண்டிய வேலை. ரசிகனால் முடிந்தது பக்கத்தில் விழுந்தவனைத் தூக்குவது. அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்கள்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது கச்சேரிக்குப் போய்விட்டு, காது அடைத்து, குரல் கம்மி, கறுப்புச் சட்டையில் புழுதியோடு வந்து நின்றால், ‘இந்தக் கண்றாவிக்கு இவ்வளவு காசா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். சோறு போட்டுவிட்டு, “எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவன் சொல்லட்டும். விழுந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்கிற ஆள் இல்லாத வீட்டில்தான் பிள்ளைகள் விழுந்ததைச் சொல்வதில்லை.

போன மாதம் திருச்சிக்குப் போயிருந்தேன். அக்கா திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“...இவன் விழுந்துட்டான். சுத்தி ஆயிரம் பேரு. ஒருத்தன் அப்படியே மலை மாதிரி கைய விரிச்சு நிக்கிறான். எட்டு பேரு ஓடி வந்து இவனைப் பூ மாதிரி தூக்குறாங்க...”

“அக்கா, அஞ்சு பேருன்னுதானே சொன்னான்?”

என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

“நீ நேர்ல பாத்தியா? சும்மா இருடா.”